எழுபது வளைவுகளுக்கு இரண்டு ஒப்பாரிகள்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி மலைமேல் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பாட்டு எத்தனை முறை தாங்கும் என்று பார்க்கக் கொல்லிமலைச் சாலையைவிடக் கடுமையான தேர்வு இல்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், போனில் முன்பே இறக்கி வைத்த நாலைந்து பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். பத்தாவது வளைவில் இனித்த பாட்டு முப்பதாவது வளைவில் எரிச்சலூட்டும். அப்படி எரிச்சலூட்டாத இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: 2011 நவம்பரில் வந்த ‘ஒய் திஸ் கொலவெறி டி’, 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’.

மேலோட்டமாகக் கேட்டால் இவற்றுக்குள் உறவே இல்லை. ஒன்று காதலில் தோற்ற இளைஞனின் புலம்பல். பாதித் தூக்கத்தில் இருப்பவன்போல, தெரிந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வாயால் அடுக்கிக்கொண்டே போகிறான். மற்றொன்று நிலத்தையும் மூதாதையரையும் அழைக்கும் பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டியின் நினைவிலிருந்து ராப் பாடகர் அறிவு எடுத்தது. முன்னது சினிமாவுக்காகப் பிறந்து சினிமாவை மிஞ்சியது: ‘3’ திரைக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பே பாட்டு உலகைச் சுற்றிவிட்டது, படம் அந்த அளவுக்கு ஓடவில்லை. பின்னது சினிமாவே இல்லாமல் பிறந்தது. முன்னதற்கு இசையமைத்த அனிருத்துக்கு அப்போது வயது 21, ‘3’தான் முதல் படம். பின்னதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணனோ ‘அட்டகத்தி’யில் (2012) தொடங்கி, தெருத் தாளங்களோடு பல ஆண்டு பழகிய பிறகு இங்கே வந்தவர்.

ஆனால் காதைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்பது தெரியும். அது சாவு வீட்டு வாசல். ‘கொலவெறி’யின் அசைந்தாடும் நடையில் உறுமிக்குப் பங்கு உண்டு, கோயில் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் ஒரே முறுக்கோடு முழங்கும் கருவி அது. ‘எஞ்சாமி’ இன்னும் நேரடியாகவே ஒப்பாரியிடம் போகிறது. மரம் வளர்த்தவருக்கு அதன் பயன் எட்டாத கதையை அறிவு சொல்லும் இடத்தில், ராப்பின் வேகம் அடங்கி, குரல் இழுபட்டு, இழவு வீட்டுப் பெண்களின் ராகத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கே பாடுபவன் விட்டுப்போனவளைக் கூப்பிட்டுக் கேட்கிறான். இங்கே பாடுபவர்கள் நிலத்தையும் நீரையும் உறவு கொண்டாடிக் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்லாத ஒருவரை விடாமல் அழைப்பதுதானே ஒப்பாரி? பதில் வந்துவிட்டால் மறுபடி கேட்க வேண்டியதில்லை. இரண்டு பாட்டையும் நாம் மீண்டும் மீண்டும் போடுவதற்கு, ஆட வைக்கும் தாளத்தைவிட இந்தப் பதிலின்மையே பெரிய காரணம் என்பது என் ஊகம்.

திரும்ப வருவதுதான் ஓசையை இசையாக்குகிறது என்று எலிசபெத் மார்குலிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2014-இல் ஒரு நூலே எழுதினார். எதுவும் திரும்ப வராதபடி இயற்றப்பட்ட நவீன இசைத் துண்டுகளில், சில பகுதிகளை வெட்டி ஒட்டி மீண்டும் வரச் செய்தபோது, கேட்டவர்கள் அந்த ஒட்டுவேலையையே அதிகம் ரசித்ததை அவர் கண்டார். ஆனால் திரும்ப வருவதிலும் வகை உண்டு. ‘கொலவெறி’ கொஞ்சமும் மாறாமல் திரும்புகிறது. அதைப் பாடிய தனுஷ் நடுநடுவே தாளத்தைச் சரிபார்ப்பதும், வாத்தியம் வாசிக்க வேண்டியதை வாயாலேயே சொல்லிக் காட்டுவதும் ஒத்திகைப் பாவனை. ஒத்திகை என்றால் இன்னொரு முறை பாடத்தானே வேண்டும்? ‘எஞ்சாமி’யில் திரும்புவது அதே பொருளாக இல்லை. பறவைபோலக் கூவும் பல்லவி முதல் முறை குழந்தை விளையாட்டு. ஒப்பாரியைக் கேட்டு முடித்து, பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும்போது அந்தக் கூவலில் விளையாட்டு குறைந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை கேட்டவருக்கு இது கிடைக்காது. முடிவுக்குப் பின் தொடக்கம் வந்தாக வேண்டும்.

கேட்பதற்கு என் கை ‘எஞ்சாமி’ பக்கமே போகும். பாடுவதற்கு ‘கொலவெறி’தான். அதைப் பாடும் தீயின் குரலுக்கும் அறிவின் மூச்சுக்கும் ஈடுகொடுக்க முடியாமல், மலையேறும் வேனில் இருப்பவர்கள் திணறுவார்கள். பல்லவியில் மட்டும் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். ‘கொலவெறி’யைச் சுருதி தெரியாதவரும் பாடலாம், தப்பாகப் பாடினால் இன்னும் பொருத்தம். தெரியாதவன்போலப் பாடுவது தெரிந்தவனுக்கே கைவரும் என்பதை, அதை வெறும் உளறல் என்று தள்ளியவர்கள் கவனிக்கவில்லை.

மலையில் கேட்கும்போது ‘எஞ்சாமி’க்கு ஓர் அனுகூலம் கூடுதல். சன்னலுக்கு வெளியே, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தம் மரபைச் சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி. ‘கொலவெறி’க்கு வெளியே பார்க்க ஒன்றும் வேண்டாம், எந்தச் சாலையிலும் அது அதே பாட்டு. தமிழ் தெரியாத ஊர்களில் அவ்வளவு சுலபமாக அது நுழைந்ததற்கும் இதுவே காரணமாகலாம்.

யாரும் திட்டமிடாத இன்னொரு பொருத்தமும் உண்டு: இரண்டும் பிரதமர் வரை போயின. 2011 டிசம்பரில் ஜப்பானியப் பிரதமர் யோஷிஹிகோ நோடாவுக்கு மன்மோகன் சிங் அளித்த விருந்துக்குத் தனுஷ் அழைக்கப்பட்டார். 2022 ஜூலையில் சென்னையில் மோடி தொடங்கிவைத்த செஸ் ஒலிம்பியாட் விழாவில் ‘எஞ்சாமி’ ஒலித்தது. மேடையில் தீ இருந்தார், அறிவு இல்லை. அங்கே பாடியவருக்கே அழைப்பு. இங்கே பாட்டு போனது, எழுதியவர் போகவில்லை. பாட்டு யாருடையது என்ற வாக்குவாதம் அதன்பின் வெளிப்படையாகவே நடந்தது.

பாடியவருக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சு கொல்லிமலைக்குப் புதிதல்ல. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய இரண்டு பாட்டுகள் புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன (152, 153). அவையும் ஒரு சோடியே. முதலாவதில், காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஓரியோ அல்லனோ என்ற ஐயத்தோடே பாணர் கூட்டம் முழவும் யாழும் ஆகுளி என்னும் சிறுபறையும் கொண்டு 21 பாடல் துறைகளையும் பாடி முடிக்கிறது; அவன் இறைச்சியும் பொன்னும் மணியும் தருகிறான். இரண்டாவதில், கிடைத்த பரிசிலின் மிகுதியால் அவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போகிறார்கள். ‘கொலவெறி’ அந்த அளவுக்குக் கொடுக்காவிட்டாலும், அனிருத்துக்கு அதன்பின் படங்கள் வரிசை கட்டின. ‘எஞ்சாமி’யால் தனக்கும் தீக்கும் அறிவுக்கும் ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னார். மரம் வளர்த்தவருக்குப் பயன் எட்டாததைப் பாடிய பாட்டு அது என்பதால், இந்த ஒரு பொருத்தத்தை மட்டும் ரசித்து எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.