வயிற்று நீரில் ஒரு சாட்சி

வயிற்றறையில் நீர் தேங்கி வயிறு வீங்கும் நிலையை நம் முன்னோர் மகோதரம் என்றனர். இது தனியொரு நோயன்று. பல நோய்களின் வெளிப்பாடு. ஈரற் சிரோசிஸ் இதன் முதன்மையான காரணம். புற்றுநோய், இதயப் பலவீனம், வயிற்றறையின் உட்படலத்தைத் தாக்கும் காசநோய் ஆகியனவும் காரணமாகலாம். காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை அமைவதால், தேங்கிய நீரில் சிறிதளவை ஊசி மூலம் பெற்று ஆராய்வதே முதற்படியாகும்.

குருதியிலுள்ள அல்புமின் அளவிலிருந்து இந்நீரிலுள்ள அல்புமின் அளவைக் கழித்தால் வரும் விடை, டெசிலீற்றருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ ஆயின், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் நாளத்தில் அமுக்கம் உயர்ந்துள்ளதெனக் கொள்வர். ஒரு கன மில்லிமீற்றர் நீரில் நியூத்திரோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் 250 அல்லது அதற்கு மேல் இருப்பின், பற்றீரியாத் தொற்றெனக் கருதி உடனே மருந்து தொடங்குவர்.

காசநோயை இவ்வாறு எளிதில் இனங்காண முடிவதில்லை. நுணுக்குக்காட்டியில் கிருமி அரிதாகவே தென்படும். வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் இந்நீரில் பல வேளைகளில் தவறவிடுகின்றது. சூலகப் புற்றுநோயின் குறிகாட்டியான சிஏ-125 காசநோயிலும் உயர்வதால், காசநோயுற்ற பெண்கள் புற்றுநோயாளரெனக் கருதப்பட்டுச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இங்கேயே சைற்றோகைன்கள் துணைக்கு வருகின்றன. இவை நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள். காசநோய்க் கிருமியை எதிர்கொள்ளும் ரீ நிணநீர்க் கலங்கள் இன்ரர்பெரோன் காமாவைச் சுரந்து, கிருமியை விழுங்கும் கலங்களை உசுப்பிவிடுகின்றன. ஆகவே காசநோயாளரின் வயிற்று நீரில் இதன் அளவு, சிரோசிஸ் நோயாளரிலும் புற்றுநோயாளரிலும் காணப்படுவதைவிடப் பெரிதும் உயர்ந்திருக்கும். எனினும் எல்லாச் சைற்றோகைன்களும் இவ்வாறு பிரித்துக் காட்டுவதில்லை. இன்ரலியூக்கின்-6 பற்றீரியாத் தொற்று, புற்றுநோய், காசநோய் ஆகிய மூன்றிலும் உயரக்கூடியது.

இன்ரர்பெரோன் சோதனை செலவு மிக்கது. அதனால் நிணநீர்க் கலங்களின் செயற்பாட்டோடு உயரும் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதியத்தையே பல ஆய்வுகூடங்கள் அளவிடுகின்றன. லீற்றருக்கு ஏறத்தாழ 39 அலகுக்கு மேற்படின் காசநோய் வலுவாகச் சந்தேகிக்கப்படும். சிரோசிஸும் உடனிருப்பின் இச்சோதனையும் தவறவிடக்கூடும்.

எனவே இக்குறிகாட்டிகள் சாட்சிகளேயன்றித் தீர்ப்புகள் அல்ல. ஐயம் நீடிப்பின் உட்படலத்தின் சிறு துண்டை எடுத்துப் பரிசோதிப்பதே உறுதி தரும். வழமையாக ஆறு மாத மருந்தினால் குணமாகும் நோயொன்று, இனங்காணத் தாமதித்தமையால் உயிரைப் பறிக்க இடமளிக்கலாகாது.