ஹாரி பேட்ச்: எண்பது ஆண்டுகள் பேசாத போர்வீரர்

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்ட பிரித்தானியப் படைவீரர்களுள் கடைசியாக உயிர்வாழ்ந்தவர் ஹாரி பேட்ச். 2009 சூலை 25 அன்று தமது 111ஆம் வயதில் இங்கிலாந்தின் வெல்ஸ் நகரில் காலமானார். பெரிய பதவி வகித்தவரல்லர்; போர்க்களத்தில் அவர் கழித்த காலமும் சில மாதங்களே. ஆயினும் ஒரு சாதாரணச் சிப்பாயின் மனத்தில் போர் எவ்வளவு காலம் தங்கியிருக்கும் என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

1898 சூன் 17 அன்று பாத் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை கல்தச்சர். பேட்ச் பள்ளியை விட்டபின் குழாய் பொருத்தும் தொழில் பழகினார். 1916இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார். விரும்பிச் சேர்ந்தவர் அல்லர். லூயிஸ் வகை இயந்திரத் துப்பாக்கியை இயக்கும் ஐவர் குழுவில் அவர் இரண்டாமவர். துப்பாக்கியின் உதிரிப் பாகங்களைச் சுமப்பதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. கூடுமானவரை எதிரியைக் கொல்லாமல் காலில் சுடுவது என்று அந்த ஐவரும் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருந்தனர்.

1917இல் பெல்ஜியத்தில் நடந்த பாசெண்டேல் போரில் அக்குழு பங்கேற்றது. அங்கே உடல் கிழிந்து கிடந்த வீரர் ஒருவர், தம்மைச் சுட்டுவிடுமாறு பேட்சிடம் கெஞ்சினார். பேட்ச் கைத்துப்பாக்கியை எடுக்குமுன்பே அவர் உயிர் பிரிந்தது. அவர் கடைசியாகச் சொன்ன சொல் 'அம்மா'. செப்டம்பர் 22 இரவு இவர்கள் குழுவுக்கு அருகே ஒரு குண்டு வெடித்தது. நண்பர்கள் மூவர் மாண்டனர். பேட்ச் காயத்துடன் தப்பினார்.

ஊர் திரும்பியவர் மீண்டும் குழாய் வேலைக்கே போனார். இரண்டாம் உலகப் போரில் பாத் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது தீயணைப்புப் படையில் பணியாற்றினார். ஆனால் பாசெண்டேலைப் பற்றி மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. முதுமையில் முதியோர் இல்லத்தில் இருந்தபோது, அறைக்கு எதிரே திடீரென எரிந்த விளக்கொளி அவருக்குக் குண்டு வெடித்த கணத்தை நினைவூட்டியது. நூறு வயதைத் தொட்ட 1998ஆம் ஆண்டில்தான் அவர் முதன்முறையாகப் பேசத் தொடங்கினார்.

2004இல், அதே போர்க்களத்தில் எதிர்த்தரப்பில் நின்ற செருமானிய முன்னாள் வீரர் சார்ல்ஸ் குன்ட்ஸை அவர் சந்தித்தார். இருவரும் நூறு வயதைக் கடந்தவர்கள். கைகுலுக்கினர், தத்தம் ஊர்ப் பண்டங்களைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டனர்.

போர் முடிந்த நவம்பர் 11 அன்று நாடே அஞ்சலி செலுத்தும். பேட்சுக்கோ நண்பர்களை இழந்த செப்டம்பர் 22தான் நினைவு நாள். வெல்ஸ் பேராலயத்தில் நடந்த அவரது இறுதிச் சடங்கில் பெல்ஜியம், பிரான்சு நாட்டு வீரர்களுடன் செருமானிய வீரர்களும் சவப்பெட்டிக்குத் துணையாக நடந்தனர். அவர் விருப்பப்படி அங்கே சடங்குக்குரிய ஆயுதங்கள்கூட அனுமதிக்கப்படவில்லை.