தடங்களை அழிக்காத மாளிகை

சிங்கப்பூரில் பாடாங் மைதானத்தை நோக்கி நிற்கும் தேசிய ஓவியக் கூடத்தை நம் பழைய மாணவியரில் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஓவியங்களுக்கெனக் கட்டப்பட்டதன்று. மாநகர மண்டபமும் பழைய உயர் நீதிமன்றமும் இணைந்ததே இன்றைய கூடம்.

1929இல் மாநகர சபைக்கெனக் கட்டி முடிக்கப்பட்ட மண்டபத்தில், 1945 செப்டெம்பர் 12ஆம் திகதி யப்பானியப் படைகளின் சரணாகதிப் பத்திரம் ஒப்பமாயிற்று. 1959இல் லீ குவான் யூவின் அமைச்சரவை பதவியேற்றதும் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் அதில் கலாசார அமைச்சரானார். பக்கத்து நீதிமன்றம் திறக்கப்பட்டது 1939இல். 2015 நவம்பரில் இரண்டும் ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டன.

ஆயினும் கைதிகளை அடைத்துவைத்த சிற்றறைகள் இரண்டை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1937இல் நாட்டிய நீதிமன்ற அடிக்கல்லின் கீழ் அக்காலப் பத்திரிகைகளும் நாணயங்களும் இருக்கின்றன. அவற்றை 3000ஆம் ஆண்டிலேயே திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நம் வன்னியின் கட்டடங்களுக்கும் இப்படிப் பல வாழ்வுகள் உண்டு. 2009இல் வவுனியாவின் பல பாடசாலைகள் இடம்பெயர்ந்தோரின் நலன்புரி நிலையங்களாயின. வகுப்பறைகளே வீடுகளாயின. பின்னர் சுவர்களுக்குப் புதிய வர்ணம் பூசப்பட்டது, பாடங்கள் தொடர்ந்தன. அதிபர்களின் பெயர்களும் பரிசளிப்பு விழாக்களும் மட்டும் நூற்றாண்டு வரலாறு ஆகிவிடா. அந்நாட்களில் அவ்வகுப்பறைகளில் படித்தவர்களும் படுத்துறங்கியவர்களும் நினைவிலுள்ளதை எழுதி அனுப்புங்கள். கல்லூரி நூலகத்தில் அதற்கென ஓர் அலுமாரி வைப்போம். அதைத் திறந்து படிக்க நம் பிள்ளைகள் 3000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை.