காறலும் கிருமியும்: காவிரிக் கரை வெற்றிலை ஆய்வுக்கூடம் சேர்ந்த வரலாறு

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே திருவையாறு, அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம் என்று போனால், நெல் வயலுக்கும் வாழைத் தோப்புக்கும் நடுவே அகத்தியில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள் கண்ணில் படும். இந்த வட்டாரத்து இலைக்கு 2025இல் 'கும்பகோணம் வெற்றிலை' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. தாம்பூலம், சடங்கு ஆகியவற்றை ஒட்டி இந்த இலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். உணவைக் கெடாமல் காக்கும் பொருளாக அது எப்போது, எந்த வழியாக ஆய்வுக்கு உரியதாயிற்று என்பதையே இங்கே பார்க்கிறேன்.

தொடக்கம் அடுப்படியில்தான். வெண்ணெய் காய்ச்சும்போது சட்டியின் சலசலப்பு அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும் பதத்தில், ஒரு கொத்து முருங்கைக்கீரையோ கறிவேப்பிலையோ கிள்ளிய வெற்றிலையோ போடுவார்கள். இலை மொறுமொறுத்ததும் சட்டியை இறக்கிவிடுவார்கள். நெய் மணக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. இந்தப் பழக்கம் காறலைத் தடுப்பதற்காக வந்தது. கிருமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நன்றாகக் காய்ச்சிய நெய்யில் நீர் அநேகமாக இராது; நீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருகவும் முடியாது. இதைக் கவனிக்காமல், நம் முன்னோர் பாக்டீரியாவை அறிந்தே இலையைப் போட்டார்கள் என்று எழுதுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் மணத்தையும் சுவையையும் கொண்டு கெடுதலைக் கண்டுபிடித்தார்கள். அந்த நுட்பத்துக்கு இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டிய தேவையில்லை.

எழுத்துச் சான்றுக்கு வந்தால், தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலம் (1798–1832) முக்கியமானது. அவருடைய தன்வந்திரி மகாலில் நாட்டு மருந்தும் ஐரோப்பிய மருந்தும் அருகருகே இருந்தன. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற தமிழ் நூல் வரிசையும், மராத்தியில் எழுதப்பட்ட சமையல் நூலான சரபேந்திர பாக சாஸ்திரமும் சரஸ்வதி மகால் நூலகத்தின் வழியாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. மருந்தும் சமையலும் ஒரே அரண்மனையில் ஏடேறின என்பது சிறிய செய்தி அல்ல. அதே காலத்தில், 1813இல், சென்னைப் படை மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி இந்திய மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து அச்சிட்டார். ஆனால் இந்தத் தொகுப்புகள் எல்லாம் ஒரு சரக்கு எந்த நோய்க்கு ஆகும் என்று சொல்பவை. இலைக்குள் எது வேலை செய்கிறது என்ற கேள்வி எழ வேதியியல் வர வேண்டியிருந்தது.

1880களின் இறுதியில் ஜாவா வெற்றிலை எண்ணெயிலிருந்து சாவிகால் என்ற பொருளைப் பிரித்தார் டச்சு வேதியியலர் எய்க்மன். சாவிபீட்டால், யூஜினால் ஆகியவையும் இந்த இலையோடு சேர்த்துப் பேசப்பட்டன. பிற்காலத்தில் அதிகம் ஆராயப்பட்டது ஹைட்ராக்சிசாவிகால். பம்பாய் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் அமோன்கர் குழுவினர், மரபணு மாற்றத்தைத் தடுக்கும் ஃபீனாலாக 1986இல் அதை அறிவித்தார்கள். சாவிகாலின் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதிதான் உண்டு. இதில் அடுத்தடுத்து இரண்டு. கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலியாகச் சிதைவதுதான் காறல். அந்தச் சங்கிலியின் நடுவே தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அறுப்பது ஃபீனால். அடுத்தடுத்து இரண்டு தொகுதி உள்ள மூலக்கூறு இந்த வேலையை இன்னும் எளிதாகச் செய்யும்.

இப்படி அறுக்கும் பொருள்களைப் பற்றிய கோட்பாட்டை 1920களில் பிரான்சில் மூரூ, துஃப்ரெஸ் இருவரும் வகுத்திருந்தார்கள். நம் நெய்ச்சட்டிக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1979இல் பட்டேலும் ராஜோரியாவும் கறிவேப்பிலை, வெற்றிலை இரண்டையும் உருக்கும்போதே சேர்த்து, நெய் காறுவது தாமதப்படுவதைக் காட்டினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிக உறுதியாகத் தோன்றும் கண்ணி இதுதான். வீட்டில் செய்வது எதுவோ, அதே உணவில், அதே முறையில் சோதிக்கப்பட்டது.

கிருமியின் கதை வேறு வழியாக வந்தது. மஞ்சளின் குர்குமின் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று 1949இல் நேச்சர் இதழில் குறிப்பு வெளியானது. வெற்றிலைக்கு வந்தால், 2009இல் ஜம்முவிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று ஹைட்ராக்சிசாவிகாலை வாய்க் கிருமிகள்மீது சோதித்தது; மில்லிலிட்டருக்கு 62.5 முதல் 500 மைக்ரோகிராம் வரை இருந்தாலே அவற்றின் வளர்ச்சி நின்றது. சால்மோனெல்லா, ஈகோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற உணவுக் கிருமிகள்மீதும் இலைச்சாற்றைச் சோதித்த கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. பெரும்பாலானவை அகார் தட்டில், எத்தனால் அல்லது மெத்தனாலில் இறக்கிய சாற்றைக் கொண்டு செய்தவை. தட்டில் விழும் வளையத்தின் அகலம் சாறு எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. உணவுக்குள் போனதும் கொழுப்பும் புரதமும் ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும். தட்டில் போதுமான அளவு குழம்பில் போதாது. போதும் அளவுக்கு ஊற்றினால் காரமும் கசப்பும் ஏறி வாயில் வைக்க முடியாது.

டெல்டா உணவைக் கிருமியிடமிருந்து காத்தவை பெரும்பாலும் உப்பும் புளிப்பும்தான். மாவடுவில் விளக்கெண்ணெயும் மஞ்சளும் உண்டு. ஆனால் கல்லுப்பைக் குறைத்தால் அந்த ஜாடி நிற்காது. புளிப்பின் வேலை சோற்றில் தெரியும். வேகவைத்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் சோற்றில் இருக்கக்கூடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு சேரும். நீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமிலம் ஊறும்போது அந்தப் பெருக்கம் கட்டுப்படுகிறது.

இலையை மருந்தாகப் போற்றுவோர் தவறாமல் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சால்மோனெல்லா இருந்ததால் 2014இல் வங்கதேச வெற்றிலை இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. சாறாக இறக்கினால் கிருமியைத் தடுக்கும் இலை, முழு இலையாகக் கிருமியைச் சுமந்து போயிருக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. ஃபீனால்கள் இலைக்குள் எண்ணெய் அணுக்களில் அடைபட்டிருக்கின்றன. அழுக்கு நீரோடு வந்து மேற்பரப்பில் ஒட்டிய கிருமியை அவை தொடுவதே இல்லை.

1967இல் திருவாரூரில், மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்றத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. வெற்றிலைக்கும் அப்படி ஊர்த் தேவையிலிருந்து புறப்படும் ஆய்வு வேண்டும். தயிர்ச்சாதத்திலும் மீன் குழம்பிலும் எவ்வளவு சாறு நாக்குக்குப் பொறுக்கும், அந்த அளவில் எந்தக் கிருமி எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கும் என்று அளக்க வேண்டும். அதோடு, கவுளி கட்டுமுன் இலைமேல் தெளிக்கும் தண்ணீர் வாய்க்காலிலிருந்து வருகிறதா ஆழ்குழாயிலிருந்து வருகிறதா என்பதையும் அதே ஆய்வில் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.