வேண்டாத விருந்தாளிகள்: யாங்கோன் பொட்டிகளின் கதை

மக்களே, ஆய்வேட்டு ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதான் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த ஒரு பதிவை இன்னிக்கு இறக்கி வைக்கிறேன். பழைய ஆளுங்களுக்கு நடுநடுவே கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கோங்க.

என்கூட முதுகலை படிக்கிறவன் ஒருத்தன் யாங்கோன்காரன். தமிழன்தான். அனோரத்தா சாலை காளியம்மன் கோயில் பக்கம் வீடு. அவங்க பாட்டி இன்னும் 'ரங்கூன்'னுதான் சொல்லுவாங்களாம். போன மாசம் அவன் மடிக்கணினியைத் துடைச்சுக் கொடுக்க உக்காந்தேன். உலாவியைத் திறந்தா முகப்புப் பக்கம் எவனோடதோ. ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு வருது. மூலையில ஒரு விளம்பரம், மூடினா ரெண்டு விளம்பரம். "இலவசம்னு பார்த்ததையெல்லாம் ஏண்டா இறக்குனே?"ன்னு கேட்டேன். "எங்க ஊர்ல இறக்காம இருந்தா செய்தியே படிக்க முடியாதுடா"ன்னான். ஆட்வேர் பத்தி எழுதறவங்க எல்லாரும் சொல்ற முதல் புத்திமதியே அந்த ஒரு பதில்ல அடிபட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் அவங்க ஊர்க் கதையை உக்காந்து படிச்சேன்.

முதல்ல உலகக் கதையைச் சுருக்கமா பார்த்துடுவோம். பான்ஸிபட்டின்னு ஒரு ஊதாக் கலர் குரங்கு திரையில வந்து பாட்டுப் பாடி, ஜோக் அடிச்சு, பின்னாடி விளம்பர வேலை பார்த்துச்சு. கேட்டர்னு ஒண்ணு கடவுச்சொல்லை ஞாபகம் வச்சுக்கிறேன்னு உள்ளே நுழைஞ்சு நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு கணக்கெடுத்துச்சு. 2003-ல அந்தக் கம்பெனி கிளாரியான்னு பேரை மாத்திக்கிட்டு, அடுத்த வருஷம் பங்குச் சந்தைக்கே வரப் பார்த்தது. அப்ப காட்டின கணக்குப்படி 2003-ல மட்டும் வருமானம் 9 கோடி டாலர். திருட்டுத்தனமா நுழையறதுல இவ்வளவு காசான்னு எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. பாட்டு இறக்கிறவங்க காஸாவை நிறுவினா அதோட ஒட்டிக்கிட்டு நாலைஞ்சு வரும். எதிர்ப்பக்கம் 2000-லயே ஸ்டீவ் கிப்சன் ஆப்ட்-அவுட்னு ஒரு நிரலி எழுதினார். அப்புறம் ஆட்-அவேர், ஸ்பைபாட், ஹைஜாக்திஸ். அந்தக் காலத்துல ஹைஜாக்திஸ் அறிக்கையைப் படிக்கத் தெரிஞ்சவன் தெருவுக்கே டாக்டர் :-)

அமெரிக்காவுல வழக்கு, அபராதம்னு போய் ஓரளவு அடங்கிச்சு. 2006-ல ஸாங்கோ கம்பெனி 30 லட்சம் டாலர் கட்டிச்சு, 2009-ல கடையையே மூடிட்டாங்க.

இப்ப யாங்கோனுக்கு வருவோம். அங்க கதை வேற மாதிரி ஆரம்பிக்குது.

1996-ல ராணுவ அரசு ஒரு கணினிச் சட்டம் போட்டது. அனுமதி இல்லாம சில வகைக் கணினிக் கருவிகளை வச்சிருந்தாலே 7-லேர்ந்து 15 வருஷம் வரைக்கும் சிறை. நம்ம ஊர்ல பிரவுசிங் சென்டர் தெருவுக்குத் தெரு முளைச்ச நேரத்துல அங்க மோடம் வச்சிருக்கிறதே குத்தம். யாங்கோன்ல பொதுமக்களுக்கான நெட் கஃபே 2003-லதான் வந்துச்சு. வந்ததும் நிபந்தனையோட வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பொட்டியோட திரையையும் படம் பிடிச்சுச் சேமிச்சு, குறுந்தகட்டுல போட்டு, அரசாங்கத்துக்கு அனுப்பணும்னு கஃபே முதலாளிங்களுக்கு உத்தரவு இருந்ததைப் பத்திரிகைச் சுதந்திர அமைப்புகள் அப்பவே எழுதியிருக்காங்க.

இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நாம ஸ்பைவேர்னா எவனோ ஒரு வியாபாரி ஒளிச்சு வைக்கிறதுன்னு நினைக்கிறோம். இங்கே அதை ஒளிக்கக்கூட வேண்டியதில்லை. உரிமத்தோட சேர்த்துக் கொடுத்துட்டாங்க. எந்த ஆட்-அவேர் வந்து இதைத் துடைக்கும்?

அதோட முடியலை. இலவச மின்னஞ்சல்களை ஒவ்வொண்ணா அடைச்சாங்க. 2006-ல ஜிமெயில், கூகுள் டாக், ஸ்கைப் எல்லாம் அடைபட்டுது. காசு கட்டி உள்நாட்டுச் சேவையைப் பயன்படுத்துன்னு அர்த்தம். வெளிநாட்டுல மகன் வேலை பார்க்கிற அம்மா என்ன பண்ணுவாங்க? அப்படித்தான் ஜிலைட்டுன்னு ஒரு சின்ன நிரல் யாங்கோன் கஃபேக்கள்ல பேமஸ் ஆச்சு. கைக்கணினியில ஜிமெயில் பார்க்கறதுக்காக எழுதினது அது. ஒரு முகவரியை அடைச்சா இன்னொரு முகவரியில முளைக்கும். கூடவே அல்ட்ராசர்ஃப், ஃப்ரீகேட் மாதிரி தடை தாண்டும் மென்பொருள்கள் யூ.எஸ்.பி. குச்சியில கைமாறும். கஃபே பையன் கிட்ட மெதுவா கேட்டா அவனே போட்டுக் கொடுப்பானாம்.

இங்கதான் ஒரு வேடிக்கை. அல்ட்ராசர்ஃபைப் பல ஆன்டிவைரஸ்கள் ட்ரோஜன்னு சொல்லிக் கத்தும். ஏன்னா அது நடந்துக்கிற விதம் அப்படி: உலாவியோட அமைப்பை மாத்தும், போக்குவரத்தைத் தன் வழியா திருப்பும், தன்னை மறைச்சுக்கும். ஆட்வேர் செய்யறதும் அச்சு அசலா இதேதான். அதனால ஆன்டிவைரஸ் கத்தினா கண்டுக்காம 'அனுமதி'ன்னு அமுக்கற பழக்கம் வந்துடும். இந்த மாதிரி ஊர்ல ஒருத்தன் எச்சரிக்கையை மதிக்கலைன்னா அதை அசட்டுத்தனம்னு என்னால சொல்ல முடியலை. வேண்டியது, வேண்டாதது ரெண்டும் ஒரே முகமூடியில வந்தா அவன் எதை வச்சுப் பிரிப்பான்?

(யூ.எஸ்.பி. பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. ஆட்டோரன் வைரஸ் காலம்! குச்சியைச் சொருகினாலே தொத்திக்கும். 2011 பிப்ரவரியில மைக்ரோசாப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் மேம்படுத்தலா அனுப்பி அதை நிறுத்துச்சு. ஆனா மேம்படுத்தலே பண்ணாத திருட்டு விண்டோஸ் நம்ம ஊர்ல எத்தனைன்னு உங்களுக்கே தெரியும், ஹி ஹி.)

2011 செப்டம்பர்ல தடைகளைத் தளர்த்தினாங்க. யூட்யூபும் பி.பி.சி.யும் திறந்துச்சு. 2014-ல ஊரேடூவும் டெலினாரும் வந்தப்புறம் 1500 கியாட்டுக்கு சிம் கிடைச்சுது. அதுக்குச் சில வருஷம் முன்னால ஒரு சிம்முக்கு ஆயிரம் டாலருக்கு மேல அழுத நாடு அது. அதனால பெரும்பாலான ஜனங்க மேசைக்கணினியைப் பார்க்காமலே நேரா ஆண்ட்ராய்டுக்குத் தாவிட்டாங்க. ஆட்வேர்காரன் சும்மா இருப்பானா? அவனும் கூடவே தாவினான்.

எழுத்துரு விஷயம் தெரிஞ்சா நம்ம ஆளுங்க நொந்துடுவீங்க. நாம திஸ்கி, பாமினி, தாப்னு அடிச்சுக்கிட்டு, எ-கலப்பை புண்ணியத்துல யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம்ல? பர்மிய மொழிக்கு அந்தச் சண்டை ரொம்ப நாள் நீடிச்சுது. ஜோஜின்னு (அவங்க உச்சரிப்பு அப்படித்தான்) ஒரு எழுத்துரு யூனிகோடோட இடத்துலயே உக்காந்துக்கிட்டு யூனிகோடு விதிகளை மதிக்காம நாடு பூரா பரவிடுச்சு. பழைய ஆண்ட்ராய்டுல கணினி எழுத்துருவை மாத்தணும்னா கைபேசியை ரூட் பண்ணணும். அதாவது பூட்டை உடைச்சுத் தலைமை அதிகாரத்தைக் கையில எடுக்கணும். தன் தாய்மொழியில ஒரு வரி படிக்கிறதுக்காக லட்சக்கணக்கான ஜனங்க புதுக் கைபேசியைத் தெருமுனைக் கடையில கொடுத்துப் பூட்டை உடைக்க வேண்டியதாச்சு. கடைக்காரரே ஃபேஸ்புக் கணக்கும் திறந்து கொடுப்பார், நாலு செயலியும் ஏத்திக் கொடுப்பார். அந்தச் செயலிகள் ஸாப்யா மாதிரி பகிர்வுச் செயலி வழியா கைபேசிக்குக் கைபேசி தாவி வந்தவை. மூலம் எதுன்னு யாருக்கும் தெரியாது. பூட்டு உடைஞ்ச கைபேசியில ஒரு ஆட்வேர் நுழைஞ்சா, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினாலும் போகாத இடத்துல போய் உக்காந்துக்கலாம்.

2019 அக்டோபர் 1-ஆம் தேதி அரசாங்கமே நாள் குறிச்சு யூனிகோடுக்கு மாறினாங்க. எழுத்துருவை நாம வெறும் அழகு விஷயமா பார்க்கிறோம். அங்க அது பாதுகாப்பு ஓட்டையாவும் இருந்திருக்கு.

பூட்டை உடைக்காதவங்க மட்டும் தப்பிச்சாங்களா? 2018 ஜூலைல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. மியான்மர்லயும் கம்போடியாவுலயும் வித்த சிங்டெக் பி10-ங்கிற மலிவுக் கைபேசியில, பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு செயலி உள்ள இருந்துச்சு. அது கைபேசியோட ஐ.எம்.இ.ஐ. எண், இருக்கிற இடம் எல்லாத்தையும் தைவான்ல இருக்கிற ஜிமொபின்னு ஒரு விளம்பரக் கம்பெனிக்கு அனுப்பிக்கிட்டிருந்துது. வியாபாரம் எப்படின்னா, கைபேசி தயாரிக்கிற சின்னக் கம்பெனிகளுக்கு உள்மென்பொருளை மேம்படுத்தற சேவையை இந்தக் கம்பெனி இலவசமா கொடுக்கும். பதிலுக்கு வாங்கறவங்களோட தகவல். அந்த விலையிலதான் அந்தக் கைபேசி அவ்வளவு மலிவு. 15,000 ரூபாய்க் கைபேசி வாங்கறவன் கேட்காமலே தப்பிக்கிறான், 4,000 ரூபாய்க் கைபேசி வாங்கறவன் தன்னையே வித்து மீதியைக் கட்டறான். எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்ப எரிச்சல்.

நம்ம ஊரும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. 2017-ல ஃபயர்பால் ஆட்வேரைக் கண்டுபிடிச்ச செக் பாயிண்ட் அப்ப போட்ட கணக்குப்படி, அது பரவின 25 கோடிக் கணினிகள்ல பத்துல ஒண்ணு இந்தியாவுல இருந்துச்சு. 2019-ல கேம்ஸ்கேனர் செயலிக்குள்ள விளம்பரக் கூறு வழியா ட்ரோஜன் நுழைஞ்சது ஞாபகம் இருக்கும்.

2021 பிப்ரவரி 1, ராணுவப் புரட்சி. சில நாள்லயே ஃபேஸ்புக் அடைபட்டுது, அடுத்து ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும். மறுபடியும் ஜிலைட்டு காலம். ஆனா இப்ப ஜனங்க கையில இருக்கிறது பெரும்பாலும் இலவச வி.பி.என். வீடியோ விளம்பரம் பார்த்தாதான் இணைப்புக் கிடைக்கும். 2024 மே கடைசியில வி.பி.என்.களையே அடைக்க ஆரம்பிச்சாங்க. தெருவுல நிறுத்திக் கைபேசியை வாங்கி வி.பி.என். இருக்கான்னு பார்க்கிறதும் பணம் பறிக்கிறதும் செய்திகள்ல வந்துது. 2025 ஜனவரி 1-ஆம் தேதி வந்த சைபர் சட்டம் அனுமதியில்லாம வி.பி.என். சேவை தர்றவங்களுக்குச் சிறைன்னு எழுதிடுச்சு. வீட்டை விட்டுக் கிளம்பறப்ப அழிச்சு, திரும்பி வந்ததும் யாராவது அனுப்பின ஏ.பி.கே. கோப்புலேர்ந்து மறுபடி நிறுவறது. 'அதிகாரபூர்வ கடையிலேர்ந்து மட்டும் இறக்குங்க'ன்னு அவங்களுக்குச் சொல்லிப் பாருங்களேன்.

இலவச வி.பி.என். எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு அதே 2024 மே மாசமே ஒரு சாட்சி. அமெரிக்கா 911 எஸ்5-ங்கிற வலையைப் பிடிச்சுது. மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என்., ஷைன்வி.பி.என். மாதிரி இலவசப் பேர்ல வந்து, நிறுவினவங்களோட இணைப்பைத் திருடனுக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க. 1 கோடியே 90 லட்சம் ஐ.பி. முகவரி. உங்க வீட்டு முகவரியில எவனோ மோசடி பண்ணுவான், போலீஸ் உங்க கதவைத் தட்டும்.

நண்பன் பொட்டிக்கு என்ன பண்ணேன்னு கேட்பீங்க. முதல்ல அவன் நம்பி வச்சிருக்கிற ஒரே ஒரு வி.பி.என். எதுன்னு எழுதி வாங்கிக்கிட்டேன். துடைக்கிறேன்னு அதையும் துடைச்சுட்டா அவன் வீட்டோட பேசறதே நின்னுடும். மத்ததை நிரல் பட்டியல்லேர்ந்து தேதி வாரியா பார்த்து நீக்கினேன். உலாவியில நீட்சிகள், தேடுபொறி, முகப்பு, அறிவிப்பு அனுமதிகள். பாதி விளம்பரம் அறிவிப்பு அனுமதி வழியாத்தான் வந்துது. அப்புறம் ஆட்விகிளீனர் ஒரு ஓட்டம். 2011-லேர்ந்து இருக்கிற சின்ன நிரலி, நிறுவாமலே ஓடும்.

முக்கியமான ரெண்டு இடம் பலர் பார்க்கிறதில்லை. ஒண்ணு ப்ராக்ஸி அமைப்பு. வி.பி.என். போன பிறகும் அது அப்படியே நிக்கும், நெட்டு வேற எங்கேயோ சுத்திப் போகும். இன்னொண்ணு வேர்ச் சான்றிதழ்கள். லெனோவா மடிக்கணினிகள்ல வந்து 2015-ல அம்பலமான சூப்பர்ஃபிஷ் ஞாபகம் இருக்கா? விளம்பரம் காட்டறதுக்காகத் தானே ஒரு சான்றிதழைப் போட்டு, பூட்டுப் போட்ட வங்கிப் பக்கத்தைக்கூட நடுவுல பிரிச்சுப் படிக்கிற நிலையில வச்சிருந்துது. நிரலை நீக்கினாலும் சான்றிதழ் தங்கும், தனியா நீக்கணும். நண்பன் பொட்டியிலயும் பேர் தெரியாத ஒண்ணு இருந்துச்சு. யார் கொடுத்ததுன்னு அவனுக்கும் தெரியலை. எடுத்துட்டேன்.

கைபேசின்னா பாதுகாப்பு நிலையில திறந்து, 'அணுகல்தன்மை', 'சாதன நிர்வாகி' ரெண்டுலயும் யார் உக்காந்திருக்கான்னு பாருங்க. அங்கேர்ந்து இறக்கினாத்தான் சில செயலிகள் நீக்கவே விடும். சிங்டெக் மாதிரி தொழிற்சாலையிலேயே வந்ததுன்னா நீக்க முடியாது, முடக்கத்தான் முடியும், சிலதுல அதுவும் கிடையாது.

பொட்டி சுத்தமானதும் நண்பன் முதல் வேலையா வீட்டுக்குப் பேசினான். அவன் தங்கச்சி கைபேசியில வி.பி.என். விளம்பரம் ஓடி முடியற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் காத்துக்கிட்டிருந்தோம்.