குழாய் வீட்டு மீனும் பெயரில்லாத ஆட்களும்

கரிபியன் கடலில் குழாய் பிளெனி என்றொரு மீன்வகை இருக்கு. பெரும்பாலானவை மூன்று, நான்கு சென்ரிமீற்றர் நீளம்தான். இதற்கு வீடு கட்டத் தெரியாது. புழுக்கள் விட்டுப்போன குழாய், பாறையில் ஒட்டி வாழ்ந்து செத்த கொட்டலசின் ஓடு, இப்படி ஏதாவது ஒன்றுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். மிதந்து வரும் நுண்ணுயிர்களை டக்கெண்டு பாய்ந்து கவ்விவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். ஆண் மீன் முட்டைகளைக் காவல் காப்பதும் அதே குழாய்க்குள்தான்.

இன்றைக்கு இந்த மீனை முப்பது, நாற்பது லீற்றர் உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கிறார்கள். பெரிய தொட்டியில் இது கண்ணிலேயே படாது, சாப்பாடும் வாய்க்கு எட்டாது. ஆனால் சின்னத் தொட்டி லேசுப்பட்ட காரியமில்லை. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் உப்பின் செறிவு ஏறிவிடும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவும் சீக்கிரம் நஞ்சாகும். அப்படியென்றால் கடலை ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடு வைத்திருக்க மனிதர்கள் எப்படிப் பழகினார்கள்?

1846 இல் அன்னா தைன் என்ற ஆங்கிலேயப் பெண் டோர்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். அப்போது காற்றுப் பம்பி கிடையாது. தண்ணீரைத் திறந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாறி மாறி ஊற்ற வேண்டும். ஊற்றியது ஆர்? வீட்டு வேலைக்காரச் சிறுமி. 1859 இல் வெளியான கட்டுரையில் அன்னா தைன் அவளைக் குறிப்பிடுகிறார், ஆனால் பெயர் சொல்லவில்லை. அவளுக்கு அது விளையாட்டுப்போல இருந்ததாம். அப்படிச் சொல்வது எசமானி, சிறுமி இல்லை.

1853 இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறந்தது. அதற்கு உயிர்களைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிலிப் ஹென்றி கொஸ். அடுத்த வருடம் அவர் எழுதிய புத்தகம் வந்ததும் தொட்டி வைப்பது பெரிய மோகமாகிவிட்டது. சனங்கள் கரைக்குப் போய் பாறைக் குட்டைகளை வழித்தெடுத்தார்கள். அந்தக் கரைகள் வெறுமையாகிப் போனதை அவருடைய மகன் எட்மண்ட் 1907 இல் வருத்தத்தோடு எழுதினார்.

பவளப்பாறை மீன்களை வீட்டில் வைக்கும் வழியில் ஒரு பெரிய திருப்பம் ஐரோப்பாவில் நடக்கவில்லை, ஜகார்த்தாவில் நடந்தது. லீ சின் எங் கடல்நீரையும் கடலிலிருந்து எடுத்த பாறைகளையும் தொட்டியில் போட்டு, மெல்லிய காற்றுக் குமிழி மட்டும் விட்டார். வடிகட்டி ஒன்றும் இல்லை. 1961 இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதினார். அந்தப் பாறை வெறும் கல் இல்லை. அதன் துளைகளில் வாழும் பக்ரீரியாக்கள்தான் அமோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. இன்றைய சின்னத் தொட்டியும் அந்த உயிர்ப்பாறையில்தான் தங்கியிருக்கிறது. பிளெனி குடியிருக்கும் துளையும் அதில்தான்.

இந்தக் கதையில் எங்களுக்கும் ஓர் இடம் இருக்கு. அலங்காரக் கடல்மீன் ஏற்றுமதி 1930களில் சிறிய அளவில் தொடங்கியது இலங்கையில்தான். இன்றும் எங்கள் கடலுக்குள் இறங்கி மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் கனநேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகும். உடம்பு செயலிழக்கலாம், உயிரும் போகலாம். தூர தேசத்து வரவேற்பறையில் அந்த மீனைப் பார்த்து ரசிப்பவருக்கு அதைப் பிடித்த கை எதுவென்று தெரியாது.

தொட்டி வைப்பது பிழையென்று நான் சொல்ல வரவில்லை. அது கடலைப் பற்றி எங்களுக்கு நிறையச் சொல்லித்தந்திருக்கிறது. ஆனால் வரலாறு படிக்கிற நாங்கள், கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரின் பெயரோடு மட்டும் நின்றுவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றியது ஆர், கடலுக்குள் இறங்கியது ஆர் என்றும் கேட்க வேண்டும். பிளெனியின் வீட்டைக் கட்டியது பிளெனி இல்லைத்தானே.