ஏற்காடு, ஆற்காடு, காளியம்மாள்: ஆங்கிலக் குறில் நெடிலின் அரசியல்

ஆற்காட்டில் இருப்பதும் ஏற்காட்டில் இருப்பதும் ஒரே 'காடு'தான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஆற்காட்டின் காட்டுக்கு 'ஓ' என்ற ஒற்றை எழுத்து. ஏற்காட்டின் காட்டுக்கு 'ஏ', 'யூ' என்று இரண்டெழுத்து. ஆங்கிலேயர் வாயில் முதலாவது குறில், இரண்டாவது நெடில். இரண்டுமே நம்முடைய 'ஆ' இல்லை.

ஏற்காட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டல் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்குவதையும் கவனியுங்கள். தமிழர்கள் 'ஏரி' என்று சொல்லும்போது முன்னால் மெலிதாக ஒரு 'ய்' ஒட்டிக்கொண்டு 'யேரி' என்றே ஒலிக்கும். அதை வெள்ளைக்காரரின் காது துல்லியமாகப் பிடித்திருக்கிறது. அதே காது, காடு என்பதன் கடைசியில் இருக்கும் உகரத்தைக் கோட்டைவிட்டது. அது குற்றியலுகரம், அரை மாத்திரைதான் ஒலிக்கும். ஈரோட்டுக்கும் அதே கதி. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை அகராதியில் தேடினால் 'அரித்துப்போ' என்று பொருள் வருகிறது.

இந்தப் பிழைகளை யாரும் பிழை என்று சொல்வதில்லை. 1751-ல் ராபர்ட் கிளைவ் முற்றுகைக்குள் சிக்கிய ஊர் என்று ஆங்கில வரலாற்று நூல்களில் ஆற்காடு அந்தக் குறிலோடேயே நிலைத்துவிட்டது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டிருந்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் அதை 'வீலூர்' என்று வாசித்துச் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நம்முடைய ஏகாரத்துக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்ற கேள்வி, கோட்டைக்கே அவ்வளவு சிக்கலாக இருந்திருக்கிறது! அப்படியிருக்க, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் மாற்றிச் சொன்னால் மட்டும் ஏன் அவ்வளவு கேலி? நாங்கள் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். தோட்டங்கள் பெருகின. மலையின் பூர்வகுடிகளான மலையாளிகளும் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர்), கீழ்நாட்டிலிருந்து ஏறிவந்த தலித் குடும்பங்களும் அவற்றில் உழைத்தார்கள். துரைமார்களின் பிள்ளைகளுக்காக 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இங்கே ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. 1917-ல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் பள்ளி முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கானது. எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க இந்த மலைக்கு வந்தார்கள். மலையில் காப்பி பறித்தவர்களோ அந்தப் பள்ளிகளின் மதிலைத்தான் பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்துதரும்படி தோட்டங்களைப் பணிக்க இடம் தந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு எழுத்து தேவைப்படும் என்று அது நினைக்கவில்லை.

ஆனாலும் நம் மக்கள் ஆங்கிலம் பேசினார்கள். பள்ளியில் அல்ல, துரை வீட்டுச் சமையலறையிலும் குதிரை லாயத்திலும் கற்றுக்கொண்டு பேசினார்கள். மதராஸ் மாகாணத்தில் ஐரோப்பியர் வீடுகளில் பட்லர்களாகவும் ஆயாக்களாகவும் வேலை செய்தவர்களில் கணிசமானோர் பறையர் சமூகத்தினர். அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்தார்கள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி அதை உடைந்த ஆங்கிலம் என்று ஏளனமாகவே பதிவு செய்தது. 1891-ல் ஹ்யூகோ ஷுகார்ட் என்ற மொழியியலாளர், ஒரு மொழி எப்படி உருவாகிறது என்பதற்கான சான்றாக அதை ஆராய்ந்தார். ஒரே பேச்சு ஒருவருக்குச் சிரிப்பு, இன்னொருவருக்கு அறிவியல்.

பட்லர் என்றால் எழுத்தறியாதவர் என்ற எண்ணமும் தவறு. தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தார் என்றும், குடும்பத்தில் காத்துவந்த திருக்குறள் ஏட்டை எல்லீசன் துரையிடம் சேர்ப்பித்தவர் அவரே என்றும் பண்டிதர் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். அதே 1891-ல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார் பண்டிதர். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்க வேண்டும் என்பது அங்கே எழுந்த கோரிக்கைகளில் ஒன்று. பறையர் என்ற பெயரோ அதற்குள் ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுச் சொல்லாகிவிட்டிருந்தது. நம் பெயர் அவர்கள் மொழியில் வசவாகியிருந்த காலத்தில் நாம் அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருந்தோம்.

இனி உயிரொலிகள். எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் முப்பதிலிருந்து அறுபது வயதுவரை உள்ளவர்கள். 'உங்களுக்கு நாக்கு வராது' என்று இவர்களிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் இந்த நாக்கு பிறந்ததிலிருந்து குறிலையும் நெடிலையும் பிரித்தே பேசுகிறது. பல், பால். விடு, வீடு. முடி, மூடி. எடு, ஏடு. கொடு, கோடு. ஐந்து இணைகள். இந்தி பேசுகிறவருக்குக்கூடக் குறில் எகரமும் ஒகரமும் தனி எழுத்தாக இல்லை, நமக்கு உண்டு. தொல்காப்பியம் குறில் 5, நெடில் 7 என்று வகுத்து, கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகச் சொன்னது. அந்த நொடிதான் எங்கள் முதல் கருவி. 'ஷிப்' என்றால் ஒரு நொடி, கப்பல். 'ஷீப்' என்றால் இரண்டு நொடி, ஆடு. 'ஃபுல்' ஒன்று, 'ஃபூல்' இரண்டு. முதல் மாலையிலேயே எல்லோருக்கும் பிடிபட்டுவிடும்.

எழுத்து ஒலியைச் சரியாகக் காட்டாத குழப்பமும் நமக்குப் புதிதல்ல. பழைய ஓலைச்சுவடிகளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்பதை வாசிப்பவரே இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால்தான் ஏகாரமும் ஓகாரமும் இன்றைய வடிவம் பெற்றன. ஆங்கிலம் இன்னும் அந்தப் புள்ளியில்லா ஓலைக் காலத்திலேயே இருக்கிறது என்று வகுப்பில் சொல்வோம். கொஞ்சம் மிகைதான். ஆனால் கேட்பவரின் தோள் நிமிர்வதைப் பார்க்க வேண்டும்.

நொடி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. சமையல் 'கேஸ்', கோர்ட்டு 'கேஸ்' இரண்டையும் நாம் ஒரே மாதிரி சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது வேறு உயிர். எகரத்துக்கும் அகரத்துக்கும் நடுவே வாயை அகலத் திறந்து சொல்லும் அந்த ஒலி தமிழில் இல்லை. அதை நீளத்தால் அல்ல, வாயால் பழக வேண்டும். இன்னொன்று: விதையைக் குறிக்கும் 'சீட்' நன்றாக நீளும், உட்காரும் 'சீட்' அதே ஈகாரத்தோடு சட்டென்று குறுகிவிடும். அடுத்து வரும் மெய்யொலி செய்யும் வேலை அது.

இதைவிடப் பெரிய கண்ணி 'லாங் வவல்' என்ற பெயரிலேயே இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் அமெரிக்க மரபைச் சேர்ந்தவை. 'ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பிப்போம்' என்ற முழக்கத்தால் நம் அறிவொளிக் காலம்வரை அறியப்பட்ட ஃபிராங்க் லாபக்கின் பெயரில் வந்த ஆங்கில வாசிப்பு வரிசையும் அப்படித்தான்: இரண்டாம் புத்தகம் குறுகிய உயிர்கள், மூன்றாம் புத்தகம் நீண்ட உயிர்கள். அங்கே 'நீண்ட' என்றால் நேர அளவு இல்லை, எழுத்தின் பெயர். 'பிட்' குறில், 'பைட்' நெடில். 'நாட்' குறில், 'நோட்' நெடில். குறில் நெடிலைச் சொல்லித்தந்துவிட்டு இந்தத் தாளைக் கையில் கொடுத்தால், 'பிட்'டுக்கு நெடில் 'பீட்' ஆகாமல் 'பைட்' எப்படி ஆனது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

விடை வரலாற்றில் இருக்கிறது. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்வரை ஆங்கிலேயரும் அதை ஈகாரத்தோடுதான் சொன்னார்கள். பெயரைக் குறிக்கும் 'நேம்' என்ற சொல் அன்று கிட்டத்தட்ட 'நாம' என்றே ஒலித்தது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி சில நூறு ஆண்டுகளில் அவர்களுடைய நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. எழுத்துக்கூட்டல் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்று பெயரிட்டார். ஆக, ஒரு தேசமே தன் நெடில்களை மாற்றி உச்சரித்தது, அதற்கு மொழி வரலாற்றில் கம்பீரமான ஒரு பெயரும் கிடைத்தது. பட்லர் மாற்றி உச்சரித்தால் உடைந்த ஆங்கிலம். சமூகவியல் வகுப்பில் பியர் பூர்தியூவின் 'பண்பாட்டு மூலதனம்' என்ற கருத்தை எங்களுக்கு நடத்தியபோது இந்த எடுத்துக்காட்டைச் சொல்லியிருந்தால் சீக்கிரம் புரிந்திருக்கும்.

பெரியவர்களுக்குச் சொல்லித்தருவது எப்படி என்பதில் நாங்கள் வழிகாட்டியாகக் கொள்வது கறுப்பின மக்களின் அனுபவத்தை. அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதை 1740-லேயே தடைசெய்த மாகாணம் தென் கரோலினா. அடிமைமுறை ஒழிந்த பிறகும், எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் அங்கே அவர்களின் ஓட்டுரிமை மறுக்கப்பட்டது. அந்த மாகாணத்தின் ஜான்ஸ் தீவில், ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தன் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வழியிலேயே சட்டப் பகுதிகளைச் சொல்லித்தந்தார். 1957 ஜனவரியில் செப்டிமா கிளார்க்கின் முயற்சியில் அங்கே முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர், அழகுக்கலைத் தொழில் செய்தவர். சிறுபிள்ளைப் பாடங்களை எடுத்துப்போனார், அவை பெரியவர்களுக்குப் பொருந்தவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அங்கிருந்து தொடங்கினார். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி வைத்தார். அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1855-ல், புனேயில் ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள் என்பதை நம் தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

நாங்களும் கேட்டோம். இங்கும் முதலில் வந்தது பெயர்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்காக அல்ல.

ஆங்கிலத்தில் கே, ஏ, எல், ஐ என்று எழுதினால் அது காளியா, களியா, கலியா, காலியா? நான்கும் ஒன்றுதான். "எம் பேர்ல காலு இருக்குதா இல்லையா, கண்ணு?" என்று ஒரு அம்மா கேட்டார். துணைக்காலைத்தான் கேட்கிறார். ஆதாரில் அவர் பெயர் ஒற்றை 'ஏ'வில் தொடங்குகிறது. தோட்டத்தில் யாரோ எழுதிக்கொடுத்த வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இரட்டை 'ஏ'. வங்கிப் புத்தகத்தில் 'அம்மாள்' குறைந்து 'அம்மா' ஆகியிருக்கிறது. மூன்றும் மூன்று ஆட்கள் என்று சொல்லி ஒரு அலுவலகத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போய்விட்டு, ஒரு நாள் கூலியையும் இழந்து திரும்பினார். மாரி, வேலு, பூவாயி, ராசு என்று வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதை. நம் பெயர்களில் நெடில் அதிகம். ஆங்கிலத்தில் நெடிலை எப்படி எழுதுவது என்பதற்கு எல்லா ஆவணங்களுக்கும் பொதுவான ஒரு விதி இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிமிடத்தில் என்ன தோன்றுகிறதோ அதுவே விதி. ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் நெடிலுக்காக ஒரு ஆணை போட முடிந்த அரசால், ஒரே பெயரின் இருவேறு எழுத்துக்கூட்டல்களை ஒரே ஆளாக ஏற்றுக்கொள் என்று எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியாதா? இதைக் கேட்டு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை வகுப்பில் செய்வது இது. ஒற்றை 'ஏ' அகரமாகவும் ஆகாரமாகவும் வரும், இரட்டை 'ஈ' ஏகாரம் ஆகாது, இரட்டை 'ஓ' ஊகாரம் என்பதையெல்லாம் அவரவர் பெயரை வைத்தே படிக்கிறோம். கையில் உள்ள ஆவணங்களை மேசையில் பரப்பி, எதில் எந்த எழுத்து என்று அவர்களே ஒப்பிடுகிறார்கள். எந்த எழுத்துக்கூட்டல் வேண்டும் என்று முடிவு செய்தபின், அதைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக்கொள்கிறார்கள். இ-சேவை மையத்தில் பெயர் கேட்டால் வாயால் சொல்வதில்லை, அட்டையை நீட்டுகிறார்கள். தட்டச்சு செய்தபின் திரையைத் தங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கிறார்கள்.